அத்தியாயம் 7: ரேங்க் ஏறவில்லையா? பின்னால் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

வாலரன்ட் ஆடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஜெயித்தால் 15 புள்ளி தருகிறது, தோற்றால் 25 பிடுங்கிக்கொள்கிறது. இது என்ன நியாயம்?”

இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. விடை தெரிந்ததும் ரேங்க் நாளைக்கே ஏறிவிடாது. ஆனால் எப்போது ஆடுவது, எப்போது நிறுத்துவது, எதைப் பயிற்சி செய்வது என்று நிதானமாக முடிவெடுக்கலாம். காசு கொடுத்து யாரையாவது வைத்து ரேங்க் ஏற்றிக்கொள்ளும் சபலமும் போய்விடும்.

இந்த அத்தியாயத்துக்கு வேண்டியவை ஒரு நோட்டு, ஒரு பேனா, நீங்கள் ஆடப்போகும் 20 ஆட்டங்கள். வாலரன்டை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற ஆட்டங்களில் எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. இருப்பது இரண்டு எண்கள்

திரையில் தெரிவது ரேங்க். வாலரன்டில் அயர்ன், பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்ட், அசெண்டன்ட், இம்மார்ட்டல் என்று எட்டுப் படிகள். ஒவ்வொன்றிலும் மூன்று பிரிவுகள். உச்சியில் ரேடியன்ட். ஆக மொத்தம் 25. அசெண்டன்ட் வரை ஒரு பிரிவைத் தாண்ட 100 புள்ளி வேண்டும். இந்தப் புள்ளிக்கு ஆர்ஆர் என்று பெயர்.

திரையில் தெரியாதது எம்எம்ஆர். உங்கள் திறமை எவ்வளவு இருக்கும் என்று சர்வர் வைத்திருக்கும் மதிப்பீடு அது. உங்களை யாரோடு மோதவிடலாம் என்பதை முடிவு செய்வது இந்த எண்தான்.

இந்தக் கணக்கின் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பாத் ஈலோ வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. ஈலோ கணக்கில் ஒருவர் எதிராளியைவிட 200 புள்ளி கூடுதல் என்றால், 100க்கு 76 பங்கு அவர் எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்ச மாற்றம் 20 புள்ளி என்று வைத்தால், அவர் ஜெயிக்கும்போது சுமார் 5 புள்ளிதான் கிடைக்கும். தோற்றால் சுமார் 15 போகும். எதிர்பார்த்தது நடந்தால் எண் லேசாக நகரும், எதிர்பாராதது நடந்தால் அதிகம் நகரும். இன்றைய ஆன்லைன் ஆட்டங்களின் கணக்குகள் இதைவிடச் சிக்கலானவை. அடிப்படை மட்டும் மாறவில்லை.

இன்னொரு விஷயம், சந்தேக அளவு: தன் கணிப்பில் சர்வருக்கு எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸுக்காக உருவாக்கிய ட்ரூஸ்கில் முறையில் புதிதாக வருபவரின் திறமை 25 என்று கணிக்கப்படும், சந்தேக அளவு 8.33. கணிப்பிலிருந்து சந்தேகத்தின் மூன்று மடங்கைக் கழித்துத்தான் நிலை காட்டப்படும். அதாவது 25 கழித்தல் 25, ஆகப் பூஜ்யம். உங்களைச் சராசரி ஆட்டக்காரர் என்று நம்புகிற சர்வர், திரையில் பூஜ்யத்தைக் காட்டுகிறது. ஆட ஆடச் சந்தேகம் குறையும், காட்டும் எண் ஏறும். காட்டும் எண்ணும் கணிப்பும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

மனதில் வைக்க வேண்டிய ஒரே விதி: எம்எம்ஆர் முன்னே போகும், ரேங்க் அதைத் துரத்திப் பிடிக்கப் பார்க்கும். எம்எம்ஆர் மேலே இருந்தால் வெற்றிக்கு அதிகப் புள்ளி தந்து ரேங்க்கை மேலே இழுப்பார்கள். கீழே இருந்தால் தோல்விக்கு அதிகம் கழித்துக் கீழே இறக்குவார்கள். வாலரன்ட் இப்படித்தான் நடக்கிறது.

2. உங்கள் ஆட்டம் எந்த வகை?

நோட்டைத் திறக்கும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

- எண்ணையே காட்டும் ஆட்டங்கள். டோட்டா 2 எம்எம்ஆரை நேராகவே காட்டும். அதில் 2023இல் க்ளிக்கோ என்ற மதிப்பீட்டு முறை வந்துவிட்டது. உங்கள் ரேங்க்கை எவ்வளவு நம்பலாம் என்ற அளவையும் காட்டுவார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2இன் பிரீமியர் மோடும் எண்ணைத்தான் காட்டும்.
- பதக்கம் முன்னே, எண் பின்னே. வாலரன்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ். லீக்கில் முன்பு எண் வெளியே தெரிந்தது, 2013இல் படிநிலை முறைக்கு மாறினார்கள். இந்த அத்தியாயம் அதிகம் பேசுவது இந்த வகையைத்தான்.
- நேரத்துக்கும் புள்ளி தரும் ஆட்டங்கள். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் போன்றவற்றில் கடைசிவரை உயிரோடு இருப்பதற்கும் புள்ளி உண்டு. நிறைய ஆடினால் ரேங்க் ஏற வாய்ப்பு அதிகம். ரேங்க் புஷ் செய்பவரின் பதக்கம் திறமையோடு அவர் செலவழித்த நேரத்தையும் சேர்த்தே காட்டும்.
- ரேங்க் இல்லாத மோடுகள். பதக்கம் இல்லையென்றால் திறமை பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. கால் ஆஃப் டூட்டியின் சாதாரண ஆட்டங்களில் பல ஆண்டுகளாகத் திறமை பார்த்து லாபி போட்டார்கள். அதைத் தளர்த்திச் சோதித்தபோது திறமை குறைந்தவர்கள் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போவது கூடியதாக அந்த ஆட்டத்தின் நிறுவனமான ஆக்டிவிஷன் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது.

குறிப்பு: ஒரே ஆட்டத்திலும் உங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரேங்க் இருக்கலாம். ஓவர்வாட்ச்சில் டேங்க், டேமேஜ், சப்போர்ட் மூன்றுக்கும் தனித்தனி ரேங்க். கவுன்டர் ஸ்ட்ரைக் 2இன் காம்பெடிடிவ் மோடில் ஒவ்வொரு மேப்புக்கும் தனி ரேங்க். இவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

3. 20 ஆட்டக் கணக்கு

1. ஒரே நிலைமையில் ஆடுங்கள். இந்த 20 ஆட்டமும் சோலோவாகவே இருக்கட்டும், அல்லது எப்போதும் அதே ஒரு நண்பரோடு இருக்கட்டும். கலந்து ஆடினால் கணக்கைப் படிக்க முடியாது.

2. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஐந்து விவரம் எழுதுங்கள். தேதியும் நேரமும், வெற்றியா தோல்வியா, ரவுண்ட் கணக்கு, எத்தனை ஆர்ஆர் கூடியது அல்லது குறைந்தது, அன்றைய உடல்நிலை பற்றி ஒரு சொல். “தூக்கம்”, “பசி”, “நன்று” என்றால் போதும். ஆர்ஆர் மாற்றம் வாலரன்டின் கேரியர் பக்கத்தில் இருக்கும்.

3. இரண்டு சராசரி போடுங்கள். வென்ற ஆட்டங்களின் ஆர்ஆரைக் கூட்டி வெற்றி எண்ணிக்கையால் வகுங்கள். தோற்றவற்றுக்கும் அப்படியே. பிரிவின் அடியில் 0 ஆர்ஆரில் வந்து நின்ற ஆட்டங்களைத் தோல்விச் சராசரியில் சேர்க்காதீர்கள். அங்கே முழுப் புள்ளியும் கழிந்திருக்காது.

4. சமநிலை விழுக்காட்டைக் கண்டுபிடியுங்கள். தோற்றால் போவதை, வருவதும் போவதும் சேர்ந்த தொகையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். ரேங்க் இறங்காமல் இருக்க 100க்கு எத்தனை ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்பது இந்த எண்.

   - வருவது 20, போவது 20: 50 விழுக்காடு.
   - வருவது 24, போவது 14: சுமார் 37 விழுக்காடு.
   - வருவது 15, போவது 25: 62.5 விழுக்காடு.

5. உங்கள் வெற்றி விழுக்காட்டோடு ஒப்பிடுங்கள். அவ்வளவுதான்.

ஓர் உதாரணம். கோல்டு 2இல் இருக்கும் ஒருவர் 20இல் 11 ஜெயித்தார், 9 தோற்றார். வெற்றிக்குச் சராசரி 16, தோல்விக்கு 22. வந்தது 176, போனது 198. தோற்றதைவிட அதிகம் ஜெயித்தும் 22 புள்ளி இறங்கிவிட்டார். அவருடைய சமநிலை விழுக்காடு சுமார் 58, ஜெயித்ததோ 55. ரேங்க் மட்டும் பார்த்தால் இது வீழ்ச்சி. ஆனால் அவரோடு மோதியவர்கள் அவருடைய எம்எம்ஆருக்கு ஏற்றவர்கள். அவர்களிடம் பாதிக்கு மேல் ஜெயித்திருப்பதால் எம்எம்ஆர் மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. இறங்கும் ரேங்க்கும் ஏறும் எம்எம்ஆரும் ஒரு புள்ளியில் சந்திக்கும். அதன்பின் வரவும் செலவும் சமமாகும், பிறகு ரேங்க்கும் ஏறும். இதை அறியாமல் அந்த வாரம் ஆட்டத்தையே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

4. கணக்கு என்ன சொல்கிறது? என்ன செய்வது?

வருவது அதிகம், போவது குறைவு. எம்எம்ஆர் ரேங்க்குக்கு மேலே இருக்கிறது. சீசன் மாறி ரேங்க் கீழிறக்கப்பட்டதும் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். எதையும் மாற்றாதீர்கள். பழகிய ஏஜென்ட், பழகிய சென்சிட்டிவிட்டி, வழக்கமான நேரம். புதிதாக எதையாவது சோதிக்க வேண்டுமென்றால் ரேங்க் இல்லாத மோடில் சோதியுங்கள்.

இரண்டும் ஏறக்குறைய சமம். ரேங்க்கும் எம்எம்ஆரும் சேர்ந்துவிட்டன. இன்றைய உங்கள் திறமைக்கு உரிய இடம் இதுதான். இனி ஆட்ட எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை, ஆட்டத்தின் தரத்தைக் கூட்ட வேண்டும். தோற்ற ஆட்டங்களில் நீங்கள் முதலில் செத்த ரவுண்ட்களை மட்டும் எண்ணுங்கள். எந்த இடத்தில், யாருடைய துணையும் இல்லாமல் போய் மாட்டினீர்கள் என்று எழுதுங்கள். ஒரே இடம் மூன்று முறை வந்தால், அந்த வாரத்துப் பயிற்சி அதுதான்.

வருவது குறைவு, போவது அதிகம். ரேங்க் எம்எம்ஆருக்கு மேலே இருக்கிறது. காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: உங்களைவிட வலுவான நண்பர்கள் கேரி செய்து ஏற்றிவிட்டார்கள், அல்லது தொடர் தோல்வியில் எம்எம்ஆர் வேகமாக இறங்க ரேங்க் பின்தங்கி நிற்கிறது. ஒரு பிரிவு இறங்க நேர்ந்தால் இறங்கட்டும். இறங்கிய இடத்தில் கணக்கு சமமாகும். பதக்கத்தைக் காப்பாற்ற ஆட்டத்தை நிறுத்தி வைத்தாலும் எம்எம்ஆர் ஏறப்போவதில்லை.

குறிப்பு: ஓவர்வாட்ச் 2 வெளிவந்த 2022இல் 7 வெற்றி அல்லது 20 தோல்விக்கு ஒருமுறைதான் ரேங்க்கைப் புதுப்பித்தது. 2024 பிப்ரவரியிலிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றத்தையும் அதன் காரணத்தையும் காட்டுகிறது. உங்கள் ஆட்டம் காரணம் காட்டினால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

5. அடிக்கடி நடக்கும் தவறுகள்

5 தோல்வி வந்ததும் சதி என்று நினைப்பது. நாணயம் சுண்டுவதுபோல் சமவாய்ப்புள்ள 100 ஆட்டங்களில், எங்காவது ஓர் இடத்தில் தொடர்ந்து 5 தோல்வி வர சுமார் 80 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அப்படி வராமல் போவதுதான் அபூர்வம். வேண்டுமென்றே தோற்கடிக்கும் வரிசையில் தள்ளுகிறார்கள் என்ற பேச்சை வாலரன்டை உருவாக்கிய ரயாட் நிறுவனம் வெளிப்படையாக மறுத்திருக்கிறது. உங்கள் வெற்றி 50 விழுக்காட்டைச் சுற்றியே நிற்பதற்குக் காரணம், எதிரே உங்களுக்குச் சமமானவர்கள் நிற்பதுதான்.

20 ஆட்டத்தை வைத்துத் திறமையை எடைபோடுவது. சரிக்குச் சமமாக ஆடும் ஒருவர் 20இல் 7 முதல் 13 வரை எத்தனை வேண்டுமானாலும் ஜெயிக்கலாம், பத்தில் ஒன்பது முறை இந்த எல்லைக்குள் வரும். ஆகவே வெற்றி எண்ணிக்கையைவிட வரவு செலவுச் சராசரியை நம்புங்கள். அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு.

எதிராளியின் பதக்கத்தைப் பார்த்து ஆட்டத்துக்கு முன்பே தோற்பது. சில்வர் லாபியில் ஒரு பிளாட்டினம் தெரிந்தால் அநியாயம் என்று தோன்றும். இரண்டு அணிகளையும் ஒப்பிட்டது எம்எம்ஆரை வைத்து, பதக்கத்தை வைத்து அல்ல. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2023இல் இந்த இரண்டையும் பிரித்து, மறைந்த எண்ணை வைத்து லாபி போட்டது. பதக்கத்துக்கும் எதிராளிக்கும் தொடர்பே தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் குமுறினார்கள். மாஸ்டர் ரேங்க்கில் கூட்டமும் பெருகியது. 2024 தொடக்கத்தில் வெளியே தெரியும் ரேங்க்கை வைத்தே லாபி போடும் முறைக்குத் திரும்பினார்கள். பதக்கமும் எண்ணும் விலகி நிற்பது ஆட்டம் செய்பவர்களுக்கே தலைவலியாக இருந்த விஷயம். ஒரு லாபியில் அது உங்கள் கண்ணில் பட்டால் பதற வேண்டாம்.

கில் கணக்கில் மயங்குவது. வாலரன்டில் தனிப்பட்ட ஆட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் பெரும் பங்கு வெற்றி தோல்விக்குத்தான். 30 கில் எடுத்துத் தோற்பதைவிட 12 கில்லில் ஸ்பைக்கை டிஃப்யூஸ் செய்து ஜெயிப்பது மேல்.

நள்ளிரவில் ஆடுவது. ஆள் குறைந்த நேரத்தில் சமமானவரைத் தேட அதிக நேரமாகும். காத்திருப்பைக் குறைக்க வேண்டுமானால் திறமை வித்தியாசத்தைத் தளர்த்த வேண்டியிருக்கும். மாலையிலும் முன்னிரவிலும் கூட்டம் இருக்கும்போது ஆடுங்கள். உங்களுக்கு அருகில் உள்ள சர்வர் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புது அக்கவுன்ட் திறப்பது. புது அக்கவுன்டில் சந்தேக அளவு அதிகம், அதனால் எண் வேகமாக ஏறி இறங்கும். அந்த வேகத்தைப் பார்த்து “பழைய அக்கவுன்ட்தான் மாட்டிக்கொண்டது” என்று நினைப்பவர்கள் உண்டு. அதே கை, அதே பழக்கம் என்றால், சில வாரத்தில் அதே ரேங்க்தான். இடையில் உங்களிடம் மாட்டிய புதியவர்களின் ஆட்டமும் கெட்டுப்போகும்.

6. நண்பர்களோடு ஆடும்போது

1. வாலரன்டின் காம்பெடிடிவ் மோடில் இரண்டு, மூன்று அல்லது ஐந்து பேராகச் சேரலாம். நான்கு பேராகச் சேர முடியாது. ஐந்தாவதாக வரும் முன்பின் தெரியாதவர் நால்வருக்கு நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இந்தத் தடை.
2. ஐந்துக்குக் குறைவாகச் சேர்ந்தால் ரேங்க் வித்தியாசத்துக்கு எல்லை உண்டு. அயர்ன், பிரான்ஸில் இருப்பவர் சில்வர் வரை சேரலாம், சில்வரில் இருப்பவர் கோல்டு வரை.
3. ஐந்து பேராகச் சேர்ந்தால் எந்த ரேங்க்கும் சேரலாம். வித்தியாசம் மிக அதிகமானால் கிடைக்கும் ஆர்ஆரை வெட்டுவார்கள்.
4. உங்களைவிட மிக வலுவான நண்பரோடு ஆடுவதைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள், ரேங்க் ஏற்றும் வழியாக வேண்டாம். அவர் இல்லாத நாளில் உங்கள் எதிரே நிற்பவர்கள் உங்கள் அளவுக்கு மேற்பட்டவர்களாக இருப்பார்கள்.

7. பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

- பூஸ்டிங் வேண்டாம். வேறொருவர் உங்கள் அக்கவுன்டில் நுழைந்து ஆடுவது விதிமீறல், அக்கவுன்டே முடக்கப்படலாம். காசு வாங்கியவர் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு போய்விட்டால் யாரிடமும் முறையிட முடியாது. எல்லாம் தப்பினாலும் உங்கள் திறமைக்கு மேற்பட்ட லாபியில் தினமும் அடிவாங்க வேண்டும்.
- அக்கவுன்ட் வாங்காதீர்கள், விற்காதீர்கள். விற்றவர் பழைய மின்னஞ்சலை வைத்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்.
- “உங்கள் எம்எம்ஆரைப் பாருங்கள்” என்று அழைக்கும் தளங்கள் தருவது ஊகம்தான். உண்மை எண் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அத்தகைய இடத்தில் ஆட்டத்தின் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ ஒருபோதும் தராதீர்கள். இலவச ஸ்கின் லிங்க்குகளுக்கும் இதே விதி.
- இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். அக்கவுன்ட் திருடு போனால் முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு ஆட்டத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். பணமும் போயிருந்தால் இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.
- திட்டுகிறவரை உடனே மியூட் செய்யுங்கள், ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் செய்யுங்கள். பதில் பேசினால் அந்த ரவுண்டும் போகும், மனமும் கெடும்.
- தொடர்ந்து இரண்டு தோற்றால் எழுந்துவிடுங்கள். தண்ணீர் குடியுங்கள், மணிக்கட்டை நீட்டி மடக்குங்கள், கண்ணைத் திரையிலிருந்து எடுங்கள். நோட்டில் “தூக்கம்” என்று எழுதிய நாட்களின் ஆர்ஆரைத் தனியாகக் கூட்டிப் பார்த்தால் இந்த விதி ஏன் என்று புரியும்.

படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த அத்தியாயத்தைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ரேங்க் இறங்கி வாடியிருக்கும்போது “விளையாட்டுத்தானே” என்று தள்ளிவிடாதீர்கள். நோட்டை வாங்கிப் பாருங்கள். வரவும் செலவும் என்ன என்று கேளுங்கள். கணக்கோடு பேசினால் பிள்ளை காது கொடுக்கும். எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதையும் அந்தப் பேச்சிலேயே முடிவு செய்யலாம்.

8. இந்த வாரமும் அடுத்த வாரமும் செய்ய வேண்டியவை

1. உங்கள் ஆட்டம் நான்கில் எந்த வகை என்று எழுதுங்கள்.
2. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.
3. ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு ஆட்டம், தினமும் அதே நேரத்தில், எப்போதும் சோலோவாக அல்லது எப்போதும் அதே துணையோடு.
4. ஆட்டம் முடிந்த உடனே ஐந்து விவரத்தையும் எழுதுங்கள். மறுநாள் ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்.
5. 20 முடிந்ததும் இரண்டு சராசரி, ஒரு சமநிலை விழுக்காடு.
6. நான்காம் பகுதியில் உங்களுக்குப் பொருந்தும் பத்தியைத் தேர்ந்து, அடுத்த 20 ஆட்டத்துக்கு அதை மட்டும் செய்யுங்கள்.
7. இரண்டாவது 20 முடிந்ததும் இரண்டு பக்கங்களையும் அருகருகே வையுங்கள். வெற்றிக்கு வரும் சராசரி முன்பைவிடக் கூடி, தோல்விக்குப் போவது குறைந்திருந்தால், ரேங்க் எங்கே நின்றாலும் நீங்கள் முன்னேறிக்கொண்டிருக்கலாம். அந்த 20இல் ரேங்க்கும் இறங்கியிருந்தால், இடைவெளி சுருங்கியது அதனால்கூட இருக்கலாம். அப்போது வெற்றி எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஜெயித்திருந்தால் நீங்கள் போகும் வழி சரி, அதே பயிற்சியைத் தொடருங்கள்.